வளர்ச்சிக் கணக்கில் வராத மருந்துச் சீட்டு

2024ஆம் ஆண்டில் இலங்கைப் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. 2022இல் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, 2023இலும் 2.3 சதவீதம் சுருங்கிய நாட்டுக்கு இது நல்ல செய்திதான். எரிபொருள் வரிசையில் இரவு முழுக்கக் கிடந்தவர்களும் காஸ் சிலிண்டருக்கு அலைந்தவர்களும் இதை அற்பமாக எண்ணமாட்டார்கள். ஆனால் இந்தச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பேச்சும் வருகிறது. நாட்டின் கையில் பணம் சேரட்டும், வளர்ச்சி நிலைக்கட்டும், வைத்தியசாலைகளை அதற்குப் பிறகு கவனிக்கலாம் என்பது அந்தப் பேச்சு. தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கிறோம், தேநீர்க் கடையிலும் கேட்கிறோம். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உழைத்தால்தானே செலவழிக்கலாம் என்ற வீட்டுக் கணக்கை நாட்டுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள்.

நான் இதை மண்கும்பானில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாண நகரில் இருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டியைத் தாண்டினால் வருகிற ஊர். தீவகத்தில் பாலத்தால் இணைந்த பக்கம் என்பதால் நயினாதீவு, நெடுந்தீவுக்காரர் எங்களைப் பாக்கியவான்கள் என்பார்கள். அப்படிப்பட்ட எங்கள் ஊரில் இருந்து பார்த்தாலும் முதலில் வளர்ச்சி, பிறகு சுகாதாரம் என்ற வரிசை பொருந்தவில்லை. இந்த நாட்டின் வரலாற்றிலும் அது பொருந்தியதில்லை.

1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்தத் தீவில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அப்போது நாட்டின் சனத்தொகை 55 இலட்சத்தை ஒட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1931இல், டொனமூர் யாப்பின் கீழ் ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. வாக்குக் கேட்டு வந்தவனிடம் ஊர்ச் சனம் கேட்டது பாடசாலையும் டிஸ்பென்சரியும்தான். அப்படித்தான் கிராமத்துக் கிராமம் சிறிய வைத்தியசாலைகள் முளைத்தன. (யாழ்ப்பாணம் அந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஊர்காவற்றுறை உட்பட வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. கொள்கைக்காகச் செய்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரி கேட்கிற வரிசையில் தீவகம் பிந்தி நின்றதும் உண்மை.) 1946-47இல் டிடிரி தெளிப்பு நாடு முழுதும் பரந்தபோது, ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் ஒரே ஆண்டில் 14 ஆக இறங்கியது. 1946இல் சுமார் 43 ஆக இருந்த சராசரி ஆயுள் 1953இல் 58ஐத் தொட்டது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

அன்று இலங்கை பணக்கார நாடல்ல. தேயிலை, இறப்பர், தேங்காய் விலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஏழை நாடு. சேமித்து வைத்து, வளர்ந்த பிறகு வைத்தியம் பார்க்கலாம் என்று அந்தத் தலைமுறை காத்திருக்கவில்லை. காத்திருந்தால் நம்மில் பலரின் வாப்பாமார் பிறந்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நியாயமாகாது. சுகாதாரத்தில் இவ்வளவு முன்னேறிய இலங்கை, வருமானத்தில் ஏன் முன்னேறவில்லை? சுதந்திரம் கிடைத்தபோது நமக்குப் பின்னால் நின்ற தென்கொரியா எங்கே, நாம் எங்கே? 2024இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் இருவரான டாரன் அசெமோக்லு, சைமன் ஜோன்சன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதே கேள்வியை உலக அளவில் கேட்டார்கள். 1940களுக்குப் பிறகு நாடுகளில் ஆயுள் கூடியபோது சனத்தொகையும் கூடியது, ஆனால் தலைக்கான வருமானம் கூடியதாகத் தெரியவில்லை என்பது அவர்களது முடிவு. பல பொருளியலாளர்கள் அதோடு உடன்படவில்லை. ஜெஃப்ரி சாக்ஸ் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணைக்குழு 2001இல் இதற்கு நேர் எதிரான முடிவைச் சொல்லியிருந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

என் புரிதல் இதுதான். ஆஸ்பத்திரி கட்டினால் அடுத்த ஆண்டே வளர்ச்சி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிழைத்த பிள்ளைக்குப் பாடசாலை வேண்டும், படித்த பிள்ளைக்கு வேலை வேண்டும், வேலை வர நாட்டில் அமைதி வேண்டும். கடைசி இரண்டையும் நாம் எப்படிக் கெடுத்துக்கொண்டோம் என்று வடக்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் முதல் படியே இல்லாவிட்டால் மற்றவை எதுவும் இல்லை. அட்ரியன் லூகாஸ் என்ற பொருளியலாளர் 2010இல் பராகுவேயையும் இலங்கையையும் வைத்துச் செய்த ஆய்வு இதைக் காட்டுகிறது. மலேரியா கடுமையாக இருந்து பின்னர் ஒழிக்கப்பட்ட பகுதிகளில் பெண்கள் படித்த ஆண்டுகளும் எழுத்தறிவும் கூடின. காய்ச்சலில் கிடக்காத பிள்ளை பள்ளிக்கூடம் போனது. இதில் பெரிய மர்மம் இல்லை.

நமது சமூகத்தில் இதைப் புரிந்துகொள்ள ஆய்வுகூடத் தேவையில்லை. வெளிநாடு போகிறவரைக் கேளுங்கள். சவூதிக்கோ கட்டாருக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போக ஏஜென்சியில் முதலில் சொல்வது மெடிக்கல். நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர். மெடிக்கல் பாஸ் என்றால் வீசா, பெயில் என்றால் கட்டிய காசோடு கனவும் போனது. 2024இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். வங்குரோத்தான நாட்டை நிமிர்த்தியதில் ஐஎம்எப் பணத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதன் மொத்தத் தொகையே 300 கோடி டொலர், அதுவும் நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாக. ஒரே ஆண்டில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அனுப்பியவர்கள் ஹவுஸ்மேட்களும் டிரைவர்மாரும் கட்டட வேலையாட்களும். அந்த எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாகத் தெரிவதற்குப் பின்னால் பிறந்த அன்றே போட்ட பிசிஜி ஊசி இருக்கிறது. வீட்டுக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவமாது இருக்கிறார். எம்ஓஎச் கிளினிக்கில் நிறுத்த நிறை பதிந்த அட்டை இருக்கிறது. அரசு அந்த உடம்புக்குச் செலவழித்தது கொஞ்சம். நாடு அதை வைத்து உழைத்தது நிறைய. ஏற்றுமதிப் பட்டியலில் தேயிலைக்கும் ஆடைக்கும் இடம் உண்டு, இந்த ஊசிக்கு இடம் கிடையாது.

செலவைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே பாடம் உண்டு. 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். நோய் போய்விட்டது, இனித் தெளிப்பு எதற்கு என்று அதைக் கைவிட்டார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஒரே ஆண்டில் நோயாளர் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மிச்சம் பிடித்த அந்தக் காசு எவ்வளவு என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் இருந்து வாங்க 2016 செப்டம்பர் வரை, இன்னும் அரை நூற்றாண்டு, பொறுக்க வேண்டியிருந்தது. வெட்டிய ஆண்டில் வரவு செலவுத் திட்டம் அழகாக இருக்கும். விலை ஐந்தாறு ஆண்டு கழித்து வரும், அப்போது நிதியமைச்சர் வேறொருவராக இருப்பார்.

இன்றைய நிலைக்கு வருவோம். அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிடுவது பல ஆண்டுகளாக மொத்தத் தேசிய உற்பத்தியில் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 604 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. தொகை பெரிதாகத் தெரியும், விகிதம் பெரிதாக மாறவில்லை. இதற்குப் பக்கத்தில் வேறு இரண்டு எண்களை வைத்துப் பாருங்கள். பழைய கடனுக்கு வட்டியாக மட்டும் 2024இல் செலுத்தியது உற்பத்தியில் ஏறக்குறைய 9 சதவீதம். ஐஎம்எப் உடன்படிக்கையின்படி வட்டி தவிர்ந்த செலவெல்லாம் போக அரசு மிச்சம் பிடிக்க வேண்டியது 2.3 சதவீதம். அதாவது மொத்த நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்கும் செலவழிப்பதை விட அதிகமாக ஒதுக்கி வைக்க வேண்டும், அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் வட்டி கட்ட வேண்டும். கடனைத் திருப்பிக் கொடுப்பது அமானிதம், அதில் தர்க்கம் இல்லை. எந்த அறையில் இருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் கேள்வி.

600 ஆண்டுகளுக்கு முன்னர் இப்னு கல்தூன் தன் முகத்திமாவில் இதைப் பேசியிருக்கிறார். அரசே மிகப் பெரிய சந்தை, ஆட்சியாளர் பணத்தை இறுக்கிப் பிடித்தால் மக்களிடம் புழக்கம் குறையும், வியாபாரம் படுக்கும், கடைசியில் வரி வருமானமும் சுருங்கும் என்பது அவரது வாதத்தின் சாரம். வீட்டுக் கணக்கை நாட்டுக்குப் பொருத்துகிறவர்கள் நமது நூலகத்திலேயே இருக்கிற இந்த மனிதரை ஒருமுறை வாசிக்கலாம்.

1985இல் குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் என்று ஒரு சர்வதேச அறிக்கை வந்தது. சீனா, கேரளா, கொஸ்டாரிக்கா ஆகியவற்றோடு இலங்கையையும் உதாரணமாகக் காட்டினார்கள். நமக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பாராட்டே பின்னர் நமக்குக் கெடுதலாக மாறியது என்பது என் அபிப்பிராயம். குறைந்த செலவில் நடக்கும்போது எதற்குக் கூட்ட வேண்டும் என்ற எண்ணம் கொழும்பில் ஊறிப்போனது. அந்தக் குறைந்த செலவின் ஒரு பங்கு வைத்தியரும் தாதியும் மருத்துவமாதும் வாங்கிய குறைந்த சம்பளம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டியதும் அந்தச் சம்பளம் மேலும் அரைவாசியானது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். இலவசக் கல்வியில் படித்தவர்கள் என்று அவர்களைத் திட்டுவது சுலபம். இங்கிலாந்தின் வைத்தியசாலைகளுக்கு இலங்கை மக்கள் கொடுத்த மானியம் என்று அதைச் சொல்வது இன்னும் பொருத்தம்.

2022 மார்ச் மாதக் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. இப்போது அப்படியான தலைப்புச் செய்திகள் குறைவு. தட்டுப்பாடு முடிந்துவிட்டதா என்றால், அது சத்தமில்லாமல் வீடுகளுக்குள் போய்விட்டது என்பேன்.

என் சாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. சீனி வருத்தமும் பிரஷரும் பதினைந்து வருடமாக. மாதம் ஒருமுறை கிளினிக். சுபஹு தொழுததும் வெளிக்கிட்டால் பஸ்ஸும் வரிசையும் வைத்தியரும் மருந்து ஜன்னலும் முடிய லுஹர் தாண்டிவிடும். தனியாக அனுப்ப முடியாது. மேசன் வேலை செய்கிற மகன் கூடப் போவான், அன்றைய கூலி 3,000 ரூபா போச்சு. ஜன்னலில் ஐந்து வகை மருந்தில் மூன்று கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு, வெளியே வாங்கச் சொல்லி. வெளியே பாமசியில் ஒரு மாதத்துக்கு விலை கேட்டுவிட்டு, பாதி மாதத்துக்கு வாங்கி வருவார்கள். சாச்சி அதை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார். கேட்டால், "அது போதும் மகன், எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்பார்.

அந்த வைத்தியசாலையின் பெயரை எழுதி ஊழியர்களைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. மேலிருந்து வந்ததைத்தான் ஜன்னலில் கொடுக்கிறார்கள். என் கவலை அந்த ஒருநாள் விட்டு ஒருநாளைப் பற்றியது. இன்று இந்த நாட்டில் நிகழும் பத்து மரணங்களில் எட்டு, இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால். நமது சுகாதாரக் கட்டமைப்பு கிருமிக்கும் பிரசவத்துக்கும் எதிராகக் கட்டப்பட்டது. அதில் வென்றும் காட்டியது. 1940களில் ஓர் இலட்சம் பிரசவத்துக்கு 1,500க்கு மேல் இருந்த தாய் மரணம் பின்னர் 30 என்ற அளவுக்கு வந்தது. ஊசி ஒருமுறை போட்டால் முடிந்தது, பிரசவம் ஒருநாளில் முடிந்தது. நீரிழிவு அப்படியல்ல. முப்பது வருடம், ஒவ்வொரு மாதமும், தவறாமல் மாத்திரை வேண்டும். அதற்கான காசை ஒதுக்காமல் பழைய அளவிலேயே கட்டமைப்பை ஓட்டினால் மிச்சத்தை நோயாளி தன் கையால் போட வேண்டும். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதிக்கு அருகே மக்கள் தம் பையில் இருந்து நேரடியாகக் கொடுப்பதுதான். வைத்தியம் இலவசமான நாடு என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரச மருந்துக் கூட்டுத்தாபனம், பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவானது. மொத்தமாக, பொதுப் பெயரில், கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கிய மாத்திரை சாச்சிக்குக் கிடைத்தால், தேசிய உற்பத்திக் கணக்கில் அந்த மலிவு விலைதான் ஏறும். அதே மாத்திரை கிடைக்காமல், கம்பனிப் பெயரில் பல மடங்கு விலைக்கு பாமசியில் வாங்கினால், இறக்குமதியாளரின் இலாபமும் பாமசிக்காரரின் இலாபமும் சேர்ந்து கணக்கில் ஏறும். வீடு திரும்பப் பிடித்த ஓட்டோக் கூலியும் ஏறும். ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகித் தனியார் வைத்தியசாலையில் டயலிசிஸ் செய்தால் அதுவும் ஏறும். அரசு கைவிட்டதை நோயாளி வாங்கும்போது நாடு வளர்ந்ததாகத் தெரிகிறது. அந்த 5 சதவீதத்தில் இப்படியான துண்டுச் சீட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று எந்தப் புள்ளிவிபரத் திணைக்களமும் பிரித்துச் சொல்வதில்லை. மகன் இழந்த கூலியும் சாச்சி போடாமல் விட்ட மாத்திரையும் எந்தக் கணக்கிலும் இல்லை.

மண்கும்பானுக்காவது பாலம் இருக்கிறது. நெடுந்தீவில் ஒருவருக்கு நடுச்சாமத்தில் நெஞ்சு வலி வந்தால்? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். இந்தியாவின் உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வந்த அருமையான இலவசச் சேவை. (1990 என்ற இலக்கம் வடக்கு முஸ்லிம்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். அந்த ஆண்டு ஒக்டோபர் 30இல் இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் நாம். இன்று அதே எண்ணை அழைத்தால் உதவி வருகிறது.) அந்த அம்புலன்ஸ் குறிகட்டுவான் இறங்குதுறை வரைதான் வரும். நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல். படகு கிடைக்க வேண்டும், கடல் விட வேண்டும், அங்கிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குத் தீவகத்தின் முழு நீளத்தையும் கடக்க வேண்டும்.

இங்கேதான் வளர்ச்சிக் கணக்கு தீவகத்துக்கு எதிராகத் திரும்புகிறது. யுத்தத்தில் இந்தத் தீவுகள் வெறுமையாகின. புங்குடுதீவுக்காரரை இங்கே காண்பதைவிட கனடாவிலும் சுவிஸிலும் சுலபமாகக் காணலாம். மிஞ்சியிருப்பவர்களில் முதியவர்களே அதிகம். ஆள் குறைந்த இடத்தில் ஒரு நோயாளிக்கான செலவு கூடத்தான் செய்யும். கணக்குப் பார்க்கிறவர் அதைக் காட்டி, விசேட வைத்தியரை ஏன் அனுப்ப வேண்டும், இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு ஏன் ஆய்வுகூடம் என்று கேட்பார். வசதி இல்லாததால் இளங்குடும்பம் ஊரில் தங்காது. தங்காததால் ஆள் இன்னும் குறையும். குறைந்த ஆளைக் காட்டி அடுத்த ஆண்டும் அதே கேள்வி வரும்.

மீளத் திரும்பிய நமது குடும்பங்கள் இதில் இரட்டைச் சுமை சுமக்கின்றன. புத்தளத்தில் பதிவு, யாழ்ப்பாணத்தில் சீவியம். கிளினிக் கொப்பி ஒரு மாவட்டத்தில், வீடு இன்னொன்றில். பிள்ளையின் தடுப்பூசி அட்டை ஒரு எம்ஓஎச் பிரிவில், குடும்பத்தின் பெயர் வேறொரு கிராம சேவகரிடம். சனத்தொகையை வைத்து மருந்தும் ஆளணியும் ஒதுக்கும்போது வடக்கில் நாம் எண்ணிக்கையில் குறைந்து தெரிகிறோம். முப்பது வருடம் நம்மைத் தாங்கிய புத்தளத்து வைத்தியசாலைகளுக்கும் அந்தச் சுமைக்கு ஏற்ற வசதி ஒருபோதும் வந்து சேரவில்லை.

இந்த ஓட்டையை நாம் நம் வழியில் அடைத்து வருகிறோம். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் விரிக்கும் சால்வையைப் பாருங்கள். சிறுநீரக மாற்று, இதய வால்வு, பிள்ளைக்குப் புற்றுநோய். சமூக வலைத்தளங்களிலும் வாரம் தவறாமல் மருத்துவ உதவி கோரிக்கைகள், வைத்தியர் கடிதத்தோடு. 2016இல் கதீஜா பவுண்டேஷன் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க மக்களிடம் 20 கோடி ரூபாவுக்கு மேல் திரட்டிக் காட்டியது. இனம், மதம் பாராமல் நாடு முழுக்கக் கொடுத்தார்கள். அதை நினைத்து எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒரு நாட்டின் தலையாய புற்றுநோய் வைத்தியசாலைக்கு இயந்திரம் வாங்க உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது என்பதையும் அந்தப் பெருமைக்குள் மறந்துவிடக் கூடாது. சதகா நல்ல மனதைப் பொறுத்து வரும். ஒருவரின் வால்வுக்கு வரும், முகம் தெரியாத ஆயிரம் பேரின் பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் வராது. அதற்கு வரிப்பணம்தான் வேண்டும்.

காசு மட்டும் போதாது என்பதையும் நம்மைவிட அறிந்தவர் இல்லை. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. பின்னர் இரணைதீவு என்றார்கள், அங்கு வாழ்கிற மீனவக் குடும்பங்களைக் கேட்காமலே. கடைசியில் ஓட்டமாவடி. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. அந்தப் பத்து மாதங்களில் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போகப் பயந்து வீட்டிலேயே படுத்தவர்களை நான் அறிவேன். எழுபது வருடம் செலவழித்துக் கட்டிய நம்பிக்கையை ஒரு வர்த்தமானி உடைத்தது. நம்பிக்கை இல்லாத ஆஸ்பத்திரியில் கட்டில் எத்தனை இருந்தாலும் நோயாளி பிந்தியே வருவான், பிந்தி வரும் நோய்க்குச் செலவு அதிகம்.

தீவகத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. நீரிழிவுக்கும் பிரஷருக்குமான மாத்திரைகளை ஒரே தடவையில் இரண்டு மாதத்துக்கு, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சிறிய வைத்தியசாலையில் கொடுக்கலாம். அந்த மாதம் எந்த மருந்து இருக்கிறது, எது இல்லை என்று வாசலில் எழுதிப் போடலாம். சனம் வீணாகப் பஸ் ஏறாது. மருத்துவ நிபுணர் மாதத்தில் ஒருநாள் தீவுக்கு வருவது, நூறு நோயாளிகள் ஆளுக்கொரு துணையோடு நகருக்குப் போவதைவிட நாட்டுக்கு மலிவு. இதற்கெல்லாம் வேண்டிய தொகை 604 பில்லியனில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. யாழ். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ். தீவகத்தின் வைத்தியசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு அந்தச் சபைக்குத் தேர்தலே நடக்கவில்லை. சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் பொறுப்பான இடத்தில் மக்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் இல்லை. 1931இல் நாமாகவே வெறுமையாக விட்ட கதிரையை இப்போது கொழும்பு வெறுமையாக வைத்திருக்கிறது. ஆகவே இருக்கிற வழி பாராளுமன்றம்தான். ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் சுகாதார அமைச்சின் தலைப்புக்கு ஒரு நாள் வரும். யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர்களும், எந்தக் கட்சியில் இருந்தாலும் நமது சமூகத்தின் உறுப்பினர்களும் அன்று அமைச்சரிடம் இரண்டு எண்களைக் கேட்டு ஹன்சாட்டில் ஏற்றட்டும்: ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு வைத்தியசாலைகளில் கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீரிழிவு மருந்துகள் எத்தனை நாள் இல்லாமல் இருந்தன, வெளியே வாங்கச் சொல்லி எத்தனை சீட்டுகள் எழுதப்பட்டன.